ஓட்டுநரில்லாக் காரும் ஒப்புதல் கேட்கப்படாத தெருவும்

2025 செப்டம்பரில் ஓர் இரவு, கலிஃபோர்னியாவின் சான் புருனோ நகரப் போலீஸார் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கச் சாலையில் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒரு கார் தடைசெய்யப்பட்ட இடத்தில் யூ-டர்ன் எடுத்தது. நிறுத்திப் பார்த்தால் உள்ளே டிரைவர் இல்லை. அது வேமோ நிறுவனத்தின் ரோபோ டாக்ஸி. அபராதச் சீட்டில் ஓட்டியவரின் பெயரை எழுத வேண்டும். எழுதுவதற்கு ஆள் இல்லை. நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியைப் போகவிட்டார்கள்.

தானியங்கிக் கார்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, பத்தாண்டுகளாகக் கருத்துக்கணிப்புகள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வருபவை: இந்தக் காரில் நீங்கள் ஏறுவீர்களா? சான் புருனோ போலீஸார் எதிர்கொண்ட கேள்வி வேறு: இது தப்பு செய்தால் யாரைப் பிடிப்பது? முதல் கேள்வி பயணியிடம் கேட்கப்படுவது. இரண்டாவது, தெருவில் நிற்கும் எல்லோருக்கும் உரியது. மக்களின் தயக்கத்தை ‘இயந்திர பயம்’ என்றும், பழகப் பழகத் தீர்ந்துவிடும் என்றும் தொழில்துறை சொல்லிவருகிறது. கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் படம் அப்படி இல்லை. ஏறிப் பார்த்தவர்களின் பயம் உண்மையிலேயே குறைகிறது. ஆனால் ஏறாதவர்களின் எதிர்ப்புக்குக் காரணம் பயம் மட்டுமல்ல. தங்களைக் கேட்காமல், தங்கள் தெருவில், பொறுப்பேற்க ஆள் தெரியாத ஒரு சோதனை நடக்கிறதே என்ற கோபமும் அதில் இருக்கிறது.

பாலைவனத்திலிருந்து டாக்ஸி வரை

2004 மார்ச் 13 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா, மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு பந்தயம் நடத்தியது. ஒரு வண்டிகூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை. அதிக தூரம் போன கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் சிக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் 212 கிலோமீட்டர் பாதையை முழுதாகக் கடந்தன. வென்றது ஸ்டான்ஃபோர்டின் ‘ஸ்டான்லி’. அந்தக் குழுவின் தலைவர் செபாஸ்டியன் த்ருன் 2009-இல் கூகுளின் தானியங்கிக் கார் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். 2016-இல் அது வேமோ என்ற தனி நிறுவனமானது. 2018 டிசம்பரில் ஃபீனிக்ஸ் புறநகரில் கட்டணச் சேவை தொடங்கியது. 2020 அக்டோபரில், டிரைவர் இருக்கையில் யாருமே இல்லாத கார்கள் அங்கே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2025 ஏப்ரலுக்குள் வேமோ வாரத்துக்கு 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டணப் பயணங்களை நடத்தும் நிலைக்கு வந்திருந்தது.

சாதனைகளைவிட வாக்குறுதிகள் வேகமாக ஓடின. அடுத்த ஆண்டே பத்து லட்சம் ரோபோ டாக்ஸிகள் சாலையில் இருக்கும் என்று 2019 ஏப்ரலில் டெஸ்லாவின் எலான் மஸ்க் அறிவித்தார். அந்த நிறுவனத்தின் டாக்ஸி சேவை ஆஸ்டின் நகரில் தொடங்கியதே 2025 ஜூனில்தான். அதுவும் சில வண்டிகளோடு, உள்ளே ஒரு கண்காணிப்பாளரோடு.

இதில் இன்னொரு குழப்பமும் கலந்திருக்கிறது. தானியங்கித் தன்மையை எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 0 முதல் 5 வரை படிநிலைகளாகப் பிரித்திருக்கிறது. இரண்டாம் படியில் கார் தானே ஸ்டீயரிங்கைத் திருப்பும், பிரேக் பிடிக்கும். ஆனால் சாலையைக் கவனிக்க வேண்டியதும், விபத்தானால் பதில் சொல்ல வேண்டியதும் மனிதர்தான். மூன்றாம் படியில் காரே ஓட்டும், ஆனால் அது கேட்கும்போது மனிதர் கையிலெடுக்க வேண்டும். நான்காம் படியில் குறிப்பிட்ட பகுதிக்குள் மனிதரே தேவையில்லை. வேமோ நான்காம் படி. கடைகளில் விற்கும் டெஸ்லா கார்கள் இரண்டாம் படி. மக்கள் பேச்சில் இரண்டும் ‘தானா ஓடுற கார்’தான். ஒன்றின் விபத்து மற்றதன் பெயரையும் கெடுக்கிறது. கணிப்புகளில் பதில் சொல்பவர்கள் எதை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்று பிரித்தறிவதும் எளிதல்ல.

கணிப்புகள் காட்டுவதும் காட்டாததும்

அமெரிக்க வாகன உரிமையாளர் சங்கமான ஏ.ஏ.ஏ. ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரு கணிப்பு நடத்துகிறது. முழுத் தானியங்கிக் காரில் போக அஞ்சுவதாகச் சொன்னவர்கள் 2017 தொடக்கத்தில் 78 சதவீதம். அந்த ஆண்டு முடிவதற்குள் அது 63-ஆக இறங்கியது. 2018 மார்ச்சில், பின்னால் விவரிக்கப்போகும் ஒரு விபத்து. சில வாரங்களில் அளவு 73-க்கு ஏறியது. 2022-இல் 55, 2023-இல் 68, 2024-இல் 66, 2025-இல் 61. பழகப் பழகப் பயம் குறையும் என்ற கணக்குக்கு இந்த எண்கள் அடங்கவில்லை. செய்தி வரும்போது ஏறுகின்றன, செய்தி அடங்கும்போது இறங்குகின்றன. சொந்த அனுபவம் இல்லாதவர்களின் கருத்து இப்படித்தான் ஊசலாடும்.

பியூ ஆய்வு மையத்தின் கணிப்புகள் இன்னும் நுணுக்கமானவை. 2017-இல் தானியங்கிக் காரில் ஏற மாட்டோம் என்றவர்கள் 56 சதவீதம். 2021 இறுதியில் நடத்தி 2022-இல் வெளியிட்ட கணிப்பில் இது 63-ஆக உயர்ந்தது. நான்கைந்து ஆண்டுகளில் தொழில்நுட்பம் வளர்ந்தது; விருப்பம் குறைந்தது. இந்தக் கார்கள் பரவுவது சமூகத்துக்கு நல்லதல்ல என்றவர்கள் 44 சதவீதம், நல்லது என்றவர்கள் 26, தெரியவில்லை என்றவர்கள் 29. அதே மக்கள் கண்மூடித்தனமாக எதிர்க்கவும் இல்லை. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் யாரையும் சாராமல் வாழ இது உதவும் என்று 2017-இல் நான்கில் மூன்று பேர் ஏற்றுக்கொண்டார்கள். அதே கணிப்பில் 87 சதவீதத்தினர், அவசரத்துக்குக் காரைக் கையிலெடுக்க டிரைவர் இருக்கையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்ற விதியை ஆதரித்தார்கள்.

இந்த 87-தான் கவனிக்க வேண்டிய எண். பயனை ஒப்புக்கொள்கிறவர்களே காவலும் கேட்கிறார்கள். ‘வேண்டாம்’ என்பதற்கும் ‘யாராவது பொறுப்பில் இருக்க வேண்டும்’ என்பதற்கும் நிறைய தூரம் உண்டு. ‘அஞ்சுகிறீர்களா?’ என்ற ஒற்றைக் கேள்வி அந்தத் தூரத்தை மறைத்துவிடுகிறது.

எவ்வளவு பாதுகாப்பு போதும்?

தானியங்கிக் காருக்கான வலுவான வாதம் மனித உயிர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். இயந்திரம் குடிப்பதில்லை, தூங்குவதில்லை, போன் பார்ப்பதில்லை. ஆனால் இது மனிதரைவிடப் பாதுகாப்பானது என்று நிரூபிப்பது எப்படி? ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் நிதி கால்ராவும் சூசன் பேடக்கும் 2016-இல் கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் மரண விபத்து என்பது சுமார் 10 கோடி மைலுக்கு ஒன்று. அந்த அளவை எட்டியிருக்கிறோம் என்று புள்ளியியல் உறுதியோடு சொல்ல, ஒரு மரணமும் நேராமல் 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்ட வேண்டும். நூறு கார்கள் இரவு பகலாக ஓடினாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே பாதுகாப்பு நிரூபணமாகும் முன்பே கார்கள் தெருவுக்கு வந்தாக வேண்டும். நிரூபணத்தின் ஒரு பகுதி தெருவிலேயே நடக்க வேண்டும்.

அந்தத் தெருச் சோதனையின் முடிவுகள் இப்போது வரத் தொடங்கியுள்ளன. சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனமும் வேமோவும் சேர்ந்து, ஓட்டுநரின்றி ஓடிய 2.53 கோடி மைல் தரவை ஆராய்ந்து 2024 டிசம்பரில் வெளியிட்டன. மனிதர் ஓட்டும் கார்களோடு ஒப்பிட்டால் சொத்துச் சேதக் கோரிக்கைகள் 88 சதவீதமும், உடற்காயக் கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு. ஆய்வில் நிறுவனமே பங்கேற்றிருக்கிறது; சில அமெரிக்க நகரங்களின் தரவு மட்டுமே இது. இந்த எச்சரிக்கைகளோடு பார்த்தாலும், உதறித் தள்ளக்கூடிய எண்கள் அல்ல இவை.

ஆனால் மக்கள் எண்களை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. சீனாவில் நடந்த, 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தானியங்கிக் கார் மனிதரைவிடச் சற்று மேலாக இருந்தால் போதாது, நான்கைந்து மடங்கு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தெரிந்தது. இதற்கு ஒரு காரணம் நம் தற்பெருமை. உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தங்கள் ஓட்டும் திறமை இடைநிலைக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். சராசரி டிரைவரைவிட நல்ல இயந்திரம் என்று சொன்னால், கேட்கும் ஒவ்வொருவருக்கும் அது அடுத்தவரைப் பற்றிய செய்தியாகத்தான் படும்.

இன்னொரு காரணம் தற்பெருமையில் சேராது. தானே ஓட்டும்போது வரும் ஆபத்து, தெரிந்து ஏற்றுக்கொண்டது. இன்னொருவரின் மென்பொருளால் வரும் ஆபத்து சுமத்தப்பட்டது. சுமத்தப்படும் ஆபத்துக்கு மக்கள் கடுமையான அளவுகோல் வைப்பது முட்டாள்தனமல்ல. விமானத்துக்கும் அணு உலைக்கும் அப்படித்தான் வைக்கிறோம்.

யாரைக் காப்பாற்றுவது என்ற புதிர்

பத்தாண்டுகளுக்கு முன் இந்த விவாதத்தைப் பிடித்துக்கொண்டது ஓர் அறவியல் புதிர். பிரேக் பிடிக்காத கார். நேரே போனால் ஐந்து பேர், திருப்பினால் ஒருவர். கார் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ழான்-பிரான்சுவா பொன்னஃபோன், அஸீம் ஷரீஃப், இயாத் ரஹ்வான் மூவரும் 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முரணைக் காட்டினார்கள். அதிகப் பேரைக் காப்பாற்றப் பயணியையே பலிகொடுக்கும் கார்தான் அறமானது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அதே ஆட்கள், தாங்கள் வாங்குவதானால் தங்களைக் காக்கும் காரையே வாங்குவோம் என்றார்கள்.

அதைத் தொடர்ந்து எம்.ஐ.டி. இணையத்தில் நடத்திய ‘மாரல் மெஷின்’ சோதனையில் 233 நாடுகள், ஆட்சிப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 4 கோடி முடிவுகள் குவிந்தன. 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, விலங்கைவிட மனிதரை, சிலரைவிடப் பலரை, முதியவரைவிட இளையவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற விருப்பங்கள் எங்கும் வலுவாக இருந்தன. ஆனால் அளவு மாறியது. இளையோருக்கு முன்னுரிமை கிழக்காசிய நாடுகளில் குறைவு. சிவப்பு விளக்கை மீறிக் கடப்பவரைப் பலிகொடுக்கும் மனநிலை, சட்ட நிறுவனங்கள் பலவீனமாக உள்ள நாடுகளில் குறைவு. சோதனை பத்து மொழிகளில் நடந்தது. அவற்றில் இந்திய மொழி ஒன்றும் இல்லை.

சுவாரஸ்யமான ஆய்வுதான். ஆனால் அது விவாதத்தைத் திசைதிருப்பியது என்றே நினைக்கிறேன். நிஜச் சாலையில் கார் ‘பாட்டியா, பேரனா’ என்று தேர்ந்தெடுப்பதில்லை. எதிரே இருப்பது மனிதர்தானா என்று சரியாக அடையாளம் காணவே திணறுகிறது. வயது, பாலினம் போன்ற தனிப்பட்ட பண்புகளை வைத்து ஆட்களைத் தரம்பிரிக்கவே கூடாது என்று ஜெர்மனி அமைத்த அறவியல் ஆணையம் 2017-இல் சொல்லிவிட்டது. உண்மையான அறக் கேள்வி, மோதலின் கடைசி நொடியில் வருவதல்ல. அது பல மாதங்களுக்கு முன், எந்த உணர்கருவியை விடலாம், எந்த எச்சரிக்கையை அணைக்கலாம் என்று ஓர் அலுவலகத்தில் முடிவெடுக்கும்போது வருகிறது.

மூன்று விபத்துகள், மூன்று பதில்கள்

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது ஊபரின் சோதனைக் கார் மோதியது. தானியங்கிக் காரால் ஒரு பாதசாரி இறந்த முதல் சம்பவம் அது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவிகள் அவரைக் கண்டிருந்தன. ஆனால் குறுக்குக்கோடு இல்லாத இடத்திலும் மனிதர் கடப்பார் என்பதை அந்த மென்பொருள் கணக்கில் கொள்ளவே இல்லை. வண்டி என்றும், சைக்கிள் என்றும், வேறு ஏதோ என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தது. வால்வோ காரில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக் வசதி, சோதனை ஓட்டத்தின்போது செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்த்தப்பட்ட பணியாளர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் குற்ற வழக்கைச் சந்தித்தது அந்தப் பணியாளர் மட்டுமே. நிறுவனத்தின்மேல் குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார்.

2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்மேல் மோதி, அவரை க்ரூஸ் நிறுவனத்தின் ரோபோ டாக்ஸியின் பாதையில் தூக்கி எறிந்தது. க்ரூஸ் கார் பிரேக் பிடித்தும் மோதியது. பிறகு ஓரங்கட்டுவதற்காக, அடியில் சிக்கியவரோடு 20 அடி தூரம் நகர்ந்தது. முதல் தப்பு மனிதருடையது. இழுத்துச் சென்றது இயந்திரம். ஆனால் நிறுவனத்தை வீழ்த்தியது இவை இரண்டுமல்ல, இழுத்துச் சென்ற பகுதியை ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதுதான். மூன்று வாரங்களில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது, அடுத்த மாதம் தலைவர் பதவி விலகினார், 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் க்ரூஸின் டாக்ஸித் திட்டத்துக்கு நிதியை நிறுத்தியது.

மூன்றாவது 2019-இல் ஃபுளோரிடாவில் நடந்தது. ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி அமைப்பில் ஓடிய டெஸ்லாவின் டிரைவர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தார். கார் நின்றிருந்த வண்டிமேல் மோதி, அருகில் இருந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். டிரைவர் தன் தப்பை ஒப்புக்கொண்டார். இருந்தும் 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி, பழியில் மூன்றில் ஒரு பங்கு டெஸ்லாவுடையது என்று சொல்லி, 24 கோடி டாலருக்கு மேல் செலுத்தத் தீர்ப்பளித்தது.

ஏழு ஆண்டுகளில் பழி இருக்கையிலிருந்து அலுவலகத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. பொதுமக்களின் நீதியுணர்வை ஜூரியைவிட நேரடியாக அளக்கும் கருவி வேறில்லை. ‘இயந்திரம் மனிதரைவிட நன்றாக ஓட்டும்’ என்று விற்றவர், அது தவறும்போது ‘நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும்’ என்று கைகழுவ முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

தெருவில் நிற்பவர்கள்

அரிசோனாவின் சாண்ட்லர் நகரில் வேமோவின் சோதனை வண்டிகள்மீது இரண்டாண்டுகளில் 21 தாக்குதல்கள் பதிவானதாக 2018 இறுதியில் செய்தி வந்தது. கல்லெறிந்தார்கள், டயரைக் கிழித்தார்கள், ஒருவர் துப்பாக்கியே நீட்டினார். 2023 கோடையில் சான் பிரான்சிஸ்கோ ஆர்வலர்கள் ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்பை ரோபோ டாக்ஸியின் பானெட்டில் வைத்து அதை அசையாமல் நிறுத்தும் விளையாட்டை எதிர்ப்பாக்கினார்கள். 2024 பிப்ரவரி 10, சீனப் புத்தாண்டு இரவில் அந்நகரின் சைனாடவுனில் கூட்டம் ஒரு வேமோவை எரித்தது. இவற்றில் சிலவற்றை வெறும் ரௌடித்தனம் என்று ஒதுக்கலாம். எல்லாவற்றையும் ஒதுக்க முடியாது.

2023 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் இருபத்து நான்கு மணி நேரமும் ரோபோ டாக்ஸி ஓட அனுமதி தரப்பட்டபோது, நகர நிர்வாகம் எதிர்த்தது. தீயணைப்பு வண்டிகளின் வழியில் இந்தக் கார்கள் வந்து நின்ற சம்பவங்களைத் தீயணைப்புத் துறை பட்டியலிட்டுக் காட்டியது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கே உரியது; மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி நிறைவேறியது. 2025 அக்டோபரில் அந்நகரின் மிஷன் பகுதியில் எல்லோருக்கும் செல்லமான ஒரு கடைப் பூனை வேமோ மோதி இறந்தது. ஒரு பூனைக்கா இவ்வளவு என்று வெளியூரில் கேட்டார்கள். உள்ளூர் கவுன்சிலர் ஒருவர் எழுப்பிய கோரிக்கையோ பூனையைப் பற்றியதல்ல: இந்தக் கார்கள் தங்கள் ஊரில் ஓடலாமா என்று வாக்களிக்கும் உரிமை அந்தந்த மாவட்ட மக்களுக்கு வேண்டும் என்றார் அவர்.

இது நூறாண்டுப் பழைய வழக்கு. 1923-இல் ஓஹையோவின் சின்சினாட்டி நகரில் 42,000 பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். நகருக்குள் எந்தக் காரும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாதபடி எஞ்சினிலேயே கருவி பொருத்த வேண்டும் என்பது கோரிக்கை. வாகனத் தொழில் திரண்டு பிரசாரம் செய்து அதைத் தோற்கடித்தது. அதுவரை தெரு நடப்பவர்களுக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் பொது; அதன் பிறகு, நினைத்த இடத்தில் கடப்பவர்தான் குற்றவாளி என்ற எண்ணம் திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. அந்த வரலாற்றை எழுதியவர் பீட்டர் நார்ட்டன். கார் தெருவுக்கு வந்தபோது மாறியது கார் அல்ல, தெருவின் விதிதான். டெம்பியில் இறந்த பெண் ‘கடக்கக் கூடாத இடத்தில் கடந்தார்’ என்ற முதல் செய்திகளின் தொனியும், அந்த இடத்தில் ஆள் வருவார் என்று எண்ணாத மென்பொருளும், அதே 1920-களின் வாரிசுகள்.

ஓட்டுநரில்லா ரயிலோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில்தடம் 2003 முதல் ஓட்டுநரின்றி ஓடுகிறது. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பரில் இந்த முறை வந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்ட ரயில்களும் அப்படி ஓடுவதற்கே வடிவமைக்கப்பட்டவை. எங்கும் பெரிய எதிர்ப்பு இல்லை. கணினி ஓட்டுகிறது என்பதே மக்களுக்குப் பிரச்சினை என்றால் இங்கேயும் அஞ்சியிருப்பார்கள். ரயிலின் பாதை வேலியிட்டது, நடத்துவது யார் என்பது தெரிந்தது, ஏறாதவர் தலையில் அது எந்த ஆபத்தையும் ஏற்றுவதில்லை.

பிழைப்பு

மனநிலைக் கணிப்புகளில் கடைசி வரியாக வரும் வேலையிழப்பு, அரசியலில் முதல் வரியாக நிற்கிறது. 2024 கோடையில் சீனாவின் வூஹான் நகரில் பைடு நிறுவனத்தின் ரோபோ டாக்ஸிகள் சலுகைக் கட்டணத்தில் ஓடியபோது, டாக்ஸி ஓட்டுநர்களின் முறையீடு நாடளாவிய விவாதமானது. 2025-இல் பாஸ்டன் நகரசபையில் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தினர் வேமோவை எதிர்த்துத் திரண்டார்கள். கனரகத் தானியங்கி லாரிகளில் மனிதர் இருப்பதைக் கட்டாயமாக்கிய மசோதாவைக் கலிஃபோர்னிய ஆளுநர் 2023-இல் தடுத்துவிட்டார். டெக்சாஸில் 2025 வசந்தத்தில் ஆளில்லா லாரி ஓட்டத் தொடங்கிய அரோரா நிறுவனம், லாரியைச் செய்துதந்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால் சில வாரங்களிலேயே இருக்கையில் ஓர் ஆளை மறுபடி உட்காரவைத்தது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு அரசு மட்டத்தில் வந்த பதில் சுருக்கமானது. ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் என்பதால் ஓட்டுநரில்லாக் கார்களை நாட்டுக்குள் விடமாட்டேன் என்று 2017-இலும் 2023-இலும் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். கால் டாக்ஸி ஓட்டியும் சரக்கு வண்டி ஓட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் உள்ள நாட்டில் இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் அல்ல. ஆனால் அந்தத் தடை பாதுகாப்புக் கேள்வியைத் தொடாமலேயே நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வி இங்கேதான் மிகக் கனமானது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, இறந்தவர்கள் 17,884. நாடளவில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் பாதசாரிகள். சாலையில் சாகும் மூவரில் ஏறத்தாழ இருவர் காருக்குள் இருப்பதே இல்லை. ‘ஏறுவீர்களா?’ என்ற கேள்வியை இங்கே கேட்டால், காருக்கு வெளியே சாகிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். தானே பிரேக் பிடிக்கும், தடம் விலகாமல் பார்த்துக்கொள்ளும் வசதிகள் நம் நடுத்தர விலைக் கார்களிலும் வந்துவிட்டன. கோடு அழிந்த சாலையில், எதிர்த்திசையில் வரும் பைக்கையும் சாலையோரத் தள்ளுவண்டியையும் அவை எப்படிப் பார்க்கின்றன என்பது, காரை வாங்குபவரைவிட எதிரே வருபவருக்கே முக்கியம்.

சட்டம் எங்கே வந்து நிற்கிறது

மக்கள் கேட்கும் பொறுப்புக்கு வடிவம் கொடுக்கும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. ஜெர்மனியில் அனுமதி பெற்ற தன் மூன்றாம் படி அமைப்பு இயங்கும்போது, ஓட்டுதலுக்கான பொறுப்பைத் தான் ஏற்பதாக மெர்சிடிஸ் அறிவித்தது. பிரிட்டனின் 2024 தானியங்கி வாகனச் சட்டம், காரைத் தானியங்கி என்று அங்கீகரிக்க வேண்டுமானால் அதற்குப் பதில் சொல்லும் ஒரு நிறுவனம் இருந்தாக வேண்டும் என்கிறது. கார் தானே ஓட்டும் வேளையில் நேரும் ஓட்டுநர் குற்றங்களுக்கு உள்ளே இருப்பவர் பொறுப்பல்ல. சீனாவில் 2025 மார்ச்சில் ஓட்டுநர் உதவி அமைப்போடு வேகச் சாலையில் போன ஷாவ்மி கார் மோதி மூவர் இறந்தனர். அடுத்த மாதமே, விளம்பரங்களில் ‘தானியங்கி’ என்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கார் நிறுவனங்களுக்கு அரசு கட்டளையிட்டது. கலிஃபோர்னியாவும், ஓட்டுநரில்லாக் கார் விதி மீறினால் நிறுவனத்துக்கே போலீஸ் அறிவிக்கை தரும் சட்டத்தை 2024-இல் இயற்றிவிட்டது. அது நடைமுறைக்கு வரும் காலமாக 2026 ஜூலை குறிக்கப்பட்டது.

ஓட்டுதல் என்னவாகும்?

கார் ஓட்டுவது சுதந்திரத்தின் அடையாளம் என்ற நம்பிக்கை, தானியங்கிக் கார் வருவதற்கு முன்பே தளரத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 16 வயதினரில் உரிமம் வைத்திருந்தவர்கள் 1983-இல் 46 சதவீதம், 2014-இல் 24.5. இன்னொரு பக்கம், ஓட்டவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் கூகுளின் சோதனைக் காரில் ஆஸ்டின் நகரத் தெருக்களில் முதன்முதலில் தனியாகப் பயணம் செய்தவர் பார்வையற்ற ஒருவர். ஸ்டீயரிங்கை விட மனமில்லாதவரின் ஏக்கத்தோடு, ஸ்டீயரிங்கைத் தொடவே வழியில்லாதவரின் தேவையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இடைக்காலம்தான் ஆபத்தானது. கணினி பெரும்பகுதியைச் செய்து, முடியாத கட்டத்தில் மனிதரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டின் முரணை உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இலேயே எழுதினார்: இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு மனிதரின் பழக்கம் மழுங்கும்; மழுங்கிய பிறகு அவரிடம் வந்து சேர்வதோ கடினமான கட்டங்கள் மட்டும். டெம்பியில் போன் பார்த்தவரும் ஃபுளோரிடாவில் குனிந்தவரும் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தார்கள். வரும் இருபது ஆண்டுகளில் பெரும்பாலான ஓட்டுநர்கள் வாழப்போவது இந்த இரண்டாம், மூன்றாம் படிகளில்தான்.

ஆகவே பொதுமக்களின் மனநிலை ‘மாற்றப்பட வேண்டிய தடை’ அல்ல. படிக்கப்பட வேண்டிய கோரிக்கை. அதில் மூன்று நிபந்தனைகள் தெரிகின்றன. நல்லது கெட்டது இரண்டையும் நிறுவனம் மறைக்காமல் வெளியிட வேண்டும். மோதலைவிட மறைப்பே பெரிய குற்றம் என்பது க்ரூஸின் வீழ்ச்சி காட்டிய பாடம். கார் தானே ஓட்டும்போது பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது விற்பதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். எந்த ஊர்த் தெருவில் சோதனை நடக்கிறதோ, அந்த ஊருக்கு அதில் ஒரு குரல் வேண்டும். இவற்றை நிறைவேற்றிய நிறுவனம் எண்களால் மக்களை வெல்லலாம். நிறைவேற்றாதவருக்கு 92 சதவீதக் குறைவு என்ற எண்ணும் கைகொடுக்காது.

இந்தியாவுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. இங்கே இன்னும் எதுவும் முடிவாகிவிடவில்லை. வெறும் தடையும் வெறும் வரவேற்பும் தவிர மூன்றாவது வழி உண்டு: அடுத்த கணிப்பைக் கார் ஷோரூமில் தொடங்காமல், பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் தொடங்குவது. அங்கே கேட்க வேண்டியது, இந்தக் கார் எதிரே வந்தால் நீங்கள் நம்பிக் கடப்பீர்களா, கடக்கும்போது ஏதாவது நேர்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்பதைத்தான்.